ரூமைப் பார்க்காதே, குழாயைத் திற!

கே: முதல் வருஷம் காலேஜ் ஹாஸ்டலா, வெளியில் பிஜியா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (பிளஸ் டூ முடித்த மாணவன், தேனி)

ப: ஹாஸ்டல்.

வார்த்தை முடிந்தது, காரணம் இனாம். முதல் செமஸ்டரில் நோட்ஸ், லேப் ரெக்கார்டு, பழைய கேள்வித்தாள், பசிக்கிற நேரத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட் எல்லாமே ஹாஸ்டல் வராந்தாவில்தான் கைமாறும். வெளியில் தங்கினால் அத்தனைக்கும் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாம் வருஷம் எங்கே வேண்டுமானாலும் பற தம்பி. முதல் வருஷம் வகுப்புக்கு நடந்து போகிற தூரத்தில் படு.

கே: சென்னையில் ஒரு தனியார் விடுதியைப் பார்த்தோம். ரிசப்ஷனில் கிரானைட், லிஃப்ட், வைஃபை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? (தந்தை, நாமக்கல்)

ப: ரிசப்ஷனில் யாரும் குளிப்பதில்லை ஐயா. கடைசி மாடிக்கு ஏறிப் போய் பாத்ரூம் குழாயைத் திறங்கள்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஊரே தண்ணீர் லாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஆகவே கேள்வி இது: மெட்ரோ தண்ணியா, போரா, லாரியா? லாரி வராத நாளில் என்ன வழி? இதற்குப் பதில் வைத்திருக்கும் மேனேஜரிடம் பணத்தைக் கொடுங்கள். கிரானைட்டைப் பிழிந்தால் தண்ணீர் வராது.

கே: ராகு காலம் கழித்து, காலை பத்தரைக்குப் போய் விடுதி பார்க்கலாம் என்கிறார் என் மாமியார். (இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: மாமியாருக்கு என் வணக்கம். பார்க்க வேண்டிய நேரம் ராத்திரி ஏழரை.

அப்போதுதான் பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். மெஸ்ஸில் சாப்பாடு இருக்கும். தெருவிளக்கு எரிகிறதா என்று தெரியும். முக்குக்கடை டீக்கடையா, டாஸ்மாக்கா என்பதும் விளங்கும். வார்டனிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். தட்டோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். வார்டன் விதியைச் சொல்வார். அவள் விஷயத்தைச் சொல்வாள்.

கே: வேளச்சேரியில் தரைத்தள ரூம். மாடியைவிட ஆயிரம் ரூபாய் கம்மி. பிடித்துப் போடலாமா? (மாணவன், விருதுநகர்)

ப: நீ பார்ப்பது ஆகஸ்டில். குடியிருக்கப் போவது நவம்பரிலும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்ன செய்தன என்று அங்கே இட்லி விற்கும் அம்மாவைக் கேள். தெருச்சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார். கறை உன் கட்டிலைவிட உயரமென்றால், அந்த ஆயிரம் ரூபாயை மாடிக்குக் கொடு.

கே: மகளை லேடீஸ் ஹாஸ்டலில் சேர்க்கிறேன். முதலில் எதைக் கேட்க வேண்டும்? (தாய், திண்டிவனம்)

ப: மெனு கார்டைக் கேட்பதற்கு முன்னால் லைசென்ஸைக் கேளுங்கள்.

பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் மகளிர் விடுதி நடத்தக் கூடாது. உரிமம் உள்ளவர் அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். "அப்ளை பண்ணியிருக்கோம்மா" என்று இழுத்தால், "கெடைச்சதும் சொல்லுங்க, வர்றோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடங்கள்.

கே: ரகசிய கேமரா பயம் இருக்கிறது. அப்பா "சும்மா பயப்படாதே" என்கிறார். (மாணவி, கரூர்)

ப: அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு மகளே. 2018 டிசம்பரில், பெண்கள் தங்கியிருந்த இடத்தில் ரகசிய கேமரா வைத்ததாக, விடுதி நடத்தியவரையே சென்னை ஆதம்பாக்கம் போலீஸ் கைது செய்தது. அதைக் கண்டுபிடித்தது அங்கே தங்கியிருந்த பெண்களின் விழிப்புதான்.

குடியேறிய அன்றே ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட், பல்பு ஹோல்டர், கொக்கி, கடிகாரம் எல்லாவற்றையும் கண்ணால் தடவு. நீ இல்லாத நேரத்தில் "ரிப்பேர்" என்று ஆள் வந்து போனால் மறுபடி தடவு. சந்தேகம் வந்தால் பொருளைத் தொடாதே; பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடு. இதற்குப் பெயர் பயமில்லை, புத்தி.

கே: எங்கள் காலேஜில் பெண்கள் ஹாஸ்டலுக்கு ஆறரைக்கே கேட் பூட்டு. பையன்களுக்குப் பத்து மணி. கேட்டால் "பாதுகாப்பு" என்கிறார்கள். (மாணவி, திருநெல்வேலி)

ப: ஆபத்து வெளியே உலாவுகிறது என்றால் அதைத்தானே பூட்ட வேண்டும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறை தெளிவாக இருக்கிறது: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது. அந்த வரியை அச்செடுத்து, நாலு தோழிகளின் கையெழுத்தோடு முதல்வரிடம் கொடு. லைப்ரரி ஒன்பது மணிவரை திறந்திருக்கும் கல்லூரியில் பாதிப் பிள்ளைகளை ஆறரைக்கு அடைத்தால், மீதி நேரத்து லைப்ரரி யாருக்கு?

கே: ராகிங் எல்லாம் இப்போது இல்லை என்கிறார்களே? (மாணவன், பெரம்பலூர்)

ப: குறைந்திருக்கிறது. ஒழிந்துவிட்டது என்று நம்பிக் கதவைத் திறந்து போடாதே.

1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். தமிழ்நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் 1997-இன் ராகிங் தடைச் சட்டம்: இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். ஹாஸ்டல் பார்க்கும்போது ஒரு கேள்வி கேள்: "ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி பிளாக் உண்டா?" உண்டென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். போனில் இன்றே சேமித்து வை.

கே: சாக்லேட் வாங்கி வரச் சொல்கிற சீனியரும் ராகிங் கேஸா? (அதே மாணவன்)

ப: நீ சிரித்துக்கொண்டே "முடியாது அண்ணா" என்று சொல்ல முடிந்தால் அது நட்பு. சொல்ல முடியவில்லை என்றால் அது ராகிங். அளவுகோல் உன் வயிற்றில் இருக்கிறது; சாக்லேட்டில் இல்லை.

கே: ரூம்மேட் நம்ம ஊர்ப் பையனாக, நம்ம பழக்கவழக்கம் உள்ளவனாகக் கிடைத்தால் நல்லது இல்லையா? (தந்தை, காரைக்குடி)

ப: 1950-இல் ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் ஒருவன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்தான். அறையில் இன்னும் இருவர்: ஸ்ரீரங்கத்து ஆசார ஐயங்கார் ஒருவர், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். மூவரும் நன்றாகவே இருந்தார்கள். பிற்பாடு ராமேஸ்வரத்துப் பையனே சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகவும் ஆனான்.

பெயர் அப்துல் கலாம். உங்கள் பையனுக்கு எப்படிப்பட்ட ரூம்மேட் வேண்டும் என்று இப்போது சொல்லுங்கள்.

கே: சரி, மதம், ஊர் வேண்டாம். ரூம்மேட்டிடம் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா? (மாணவி, ஊட்டி)

ப: மூன்று. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பாள்? போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவாளா? ஈரத் துண்டை எங்கே போடுவாள்? உயிர்த்தோழிகளைப் பிரித்த பெருமை இந்த மூன்றுக்கும் உண்டு. முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கே: "டிவைடிங் சிஸ்டம்" மெஸ் நல்லதா, மாசம் இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டுவது நல்லதா? (மாணவன், தருமபுரி)

ப: டிவைடிங் என்றால் மாதச் செலவைச் சாப்பிட்ட தலைகளால் வகுப்பது. மெஸ் கமிட்டியில் மாணவர்கள் உட்கார்ந்து, காய்கறி பில்லைத் தாங்களே பார்க்கிற இடத்தில் இது அருமை. பில்லை யாரும் பார்க்காத இடத்தில், நீ வகுக்கிற தொகை மட்டும் வளரும்.

மொத்தக் கட்டணம் என்றால் ஒன்று கேள்: ஊருக்குப் போகிற நாட்களுக்குக் கழிவு உண்டா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு மெஸ்ஸுக்கும் காசு கட்டினால், ஒரு வயிற்றுக்கு இரண்டு பில்.

எந்த முறையானாலும் கமிட்டியில் பெயர் கொடு. சாம்பாரைத் திட்டுகிறவர்கள் நூறு பேர். பருப்பு எத்தனை கிலோ போடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறவன் ஒருவன். அந்த ஒருவனால்தான் சாம்பார் கெட்டியாகும்.

கே: வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார். என்ன சொல்ல? (மாணவன், கடலூர்)

ப: "படிக்கிற ஆளுங்க, வாடகையை அஞ்சாம் தேதி குடுக்கிற ஆளுங்க" என்று சொல்லிவிட்டு நட. அந்த வீட்டில் சுவர் ஈரமாக இல்லாவிட்டாலும் மூச்சு முட்டும்.

இது புதுச் சண்டை இல்லை. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காகப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பெரும் போராட்டம் நடத்தினார்கள். விடுதிச் சாப்பாட்டு வரிசையிலிருந்து கிளம்பிய அந்தக் கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. நூறு வருஷம் கழித்து உன்னிடம் அதே கேள்வியைக் கேட்பவருக்கு வாடகை கொடுக்காதே.

கே: அரசு விடுதியில் சேரச் சொல்கிறார் எங்கள் ஹெட்மாஸ்டர். சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். (அரசுப் பள்ளி மாணவி, திருவண்ணாமலை)

ப: மூக்கைச் சுளிக்கிறவர்கள் மாதாமாதம் உனக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுவார்களா? கேட்டுப் பார்.

அரசு விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்று தனித்தனிப் பெயரில் இருந்தவற்றுக்கு 2025 ஜூலையில் "சமூகநீதி விடுதிகள்" என்று ஒரே பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியது நல்லது. கழிவறையும் குடிநீரும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது உன் உரிமை. அதோடு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். உன் ஹெட்மாஸ்டர் சொன்னதைக் கேள். சொந்தக்காரர்கள் பட்டமளிப்பு விழாவுக்கு வரட்டும்.

கே: அரக்கோணத்திலிருந்து தினம் சென்னைக்குப் போய்வந்தால் ஹாஸ்டல் செலவு மிச்சம். மகளுக்கு அது போதாதா? (தாய், அரக்கோணம்)

ப: பணம் மிச்சமாகும். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ரயில்வே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டே இலவசம். சென்னையில் இறங்கினால் சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

ஆனால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ரயிலில் போகிற மூன்று மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுப்பாளா, படிப்பிலிருந்து எடுப்பாளா? என் கணக்கு: ஒரு வழிக்கு ஒரு மணிக்குள் என்றால் வீடு, ஒன்றரையைத் தாண்டினால் விடுதி. இடைப்பட்டது என்றால், மகளையே கேளுங்கள்.

கே: நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறோம். வீட்டுக்காரர் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறார். நியாயமா? (மாணவன், ஓசூர்)

ப: 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

"வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை" என்ற இடத்தை இரண்டு முறை படி. கையெழுத்துக்கு முன் பேசினால் பேரம். பின் பேசினால் புலம்பல். வாடகையை வங்கி வழியாகவே கொடு. உள்ளே நுழையும் நாளில் சுவரில் உள்ள ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் போட்டோ எடு. பெயிண்டிங் காசு பிடிக்கும் நாளில் அந்தப் போட்டோ உன் சார்பில் பேசும்.

கே: விடுதி பில்லில் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். கட்டணுமா? (தந்தை, ஈரோடு)

ப: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் பாருங்கள் ஐயா. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், கல்லூரிக்கு வெளியே உள்ள விடுதி வாடகைக்கும் வரி இல்லை என்று 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்துவிட்டது. அதற்கு மூன்று மாதம் முன்பே சென்னை உயர்நீதிமன்றமும் விடுதியைக் குடியிருப்பாகவே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மரியாதையாகக் கேளுங்கள், பில் திருந்தி வரும்.

கே: மகன் இங்கிலாந்தில் பட்டப்படிப்பு சேர்கிறான். யூனிவர்சிட்டி ஹாலா, இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற தனி வீடா? (தாய், கோயம்புத்தூர்)

ப: முதல் வருஷம் ஹால்தான். ரூமை நேரில் பார்க்காமல், முகம் தெரியாத ஆளுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். "இன்னும் ரெண்டு பேர் கேக்கிறாங்க, இன்னைக்கே அனுப்புங்க" என்று அவசரப்படுத்தினால் போனை வையுங்கள். சமையலறையில் தாளிக்கலாமா என்றும் முதலிலேயே கேளுங்கள். புகை மணி அடித்தால் கட்டிடமே வெளியே வந்து நிற்கும்.

இன்னொன்று. 1914-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அறையில் ராமானுஜன் குளிரில் வாடினார். மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு, விரித்திருந்த கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார். கம்பளிக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று நண்பர் மஹலானோபிஸ் காட்டிக் கொடுத்தார். கணித மேதைக்கே சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. தெரியாததைக் கேட்கத் தயங்காதே என்று மகனிடம் சொல்லி அனுப்புங்கள். ஸ்வெட்டரைவிட அது கதகதப்பு.

கே: திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் படித்தவர்கள் எல்லாம் பெரிய ஆள் ஆகியிருக்கிறார்களே, நானும் போகலாமா? (மாணவன், சிவகங்கை)

ப: வேலை தேடுகிறவனுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவனுக்கும் மேன்ஷன் தோள் கொடுத்த இடம், மறுக்கவில்லை. அவர்கள் இருபத்து மூன்றில் வந்தார்கள், நீ பதினேழில் வருகிறாய். உனக்குக் காய்ச்சல் வந்தால் "சாப்பிட்டியாடா?" என்று கேட்க ஒரு வகுப்புத் தோழன் பக்கத்து அறையில் வேண்டும். மேன்ஷன் எங்கேயும் போகாது. ஆறு வருஷம் கழித்துப் போ.

கே: பக்கெட், மக், தலையணை வாங்கிவிட்டோம். வேறென்ன? (தாய், சேலம்)

ப: ஒரு நல்ல பூட்டு, இரண்டு சாவி. ஒன்று பிள்ளையிடம், ஒன்று நம்பகமான தோழியிடம். துணி காயப்போடக் கயிறு. அப்புறம், ஒரு சட்டையைத் துவைக்கவும் ஒரு பட்டன் தைக்கவும் ஆகஸ்டுக்குள் கற்றுக் கொடுத்துவிடுங்கள். பையன் என்றால் கட்டாயம்.

கே: சேர்ந்து பத்து நாள் ஆகிறது. ராத்திரியானால் அழுகை வருகிறது. தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா? (முதலாண்டு மாணவி, சென்னை)

ப: இல்லை மகளே. பக்கத்து அறைக்காரியும் போர்வைக்குள் அதையேதான் செய்கிறாள். நாளை காலை அவளோடு சேர்ந்து டிபன் சாப்பிடு. அந்த ஒரு வாசல் திறந்தால் முக்கால் பாரம் இறங்கும்.

மாதம் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் 14416-க்குப் பேசு. டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் அது; காசு இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் பேசலாம். அதற்குப் பிறகும் இடம் ஒவ்வவில்லை என்றால் மாற்றிக்கொள். அறையை மாற்றுவது தோல்வி ஆகாது.

கே: ஹாஸ்டல் முடிவை நான் எடுப்பதா, என் மகன் எடுப்பதா? காசு கட்டுவது நான்தானே! (தந்தை, மதுரை)

ப: கட்டணம் கட்டுவது நீங்கள். கட்டிலில் படுப்பது அவன்.

உரிமம், தண்ணீர், தூரம், வாடகை இந்த நான்கையும் நீங்கள் சரிபாருங்கள். அதில் தேறிய இரண்டு, மூன்று இடங்களை அவன் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் தேர்ந்தெடுத்த இடத்தில் சாம்பார் தண்ணியாக இருந்தாலும் குடித்துக்கொள்வான். நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் பாயசம் போட்டாலும் குறை சொல்வான்.

கே: மொத்தத்தில் ஒரே வரியில் சொல்லுங்கள். (கல்லூரி சேரும் எல்லோரும்)

ப: ராத்திரி ஏழரைக்கு நேரில் போ, குழாயைத் திற, அங்கே தங்கியிருக்கிறவரிடம் கேள், இந்த மூன்றையும் செய்யாமல், ரசீது வாங்காமல் யாருக்கும் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே.